ஊசியைக் கட்டாயமாக்குவதா, கையெழுத்துக்கு அலைய விடுவதா?

2017 பிப்ரவரியில் மகளின் புத்தகப் பையிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்து விழுந்தது. பள்ளியிலேயே தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி போடப் போகிறார்களாம். மறுநாளே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஆடியோ. யார் பேசுகிறார், எந்த ஊர் என்று எதுவும் கிடையாது. "நம்ம பிள்ளைங்கள வெச்சு சோதனை பண்றாங்க, தயவுசெஞ்சு அனுப்பாதீங்க" என்று ஒரு பெண் குரல் அழாத குறையாகச் சொன்னது. ஊசி நாளன்று வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரவில்லை. எல்லாருக்கும் ஒரே நாளில் காய்ச்சல்.

அந்தத் திட்டம் முதலில் தொடங்கிய ஐந்து இடங்களில் தமிழ்நாடும் ஒன்று. வதந்தி ஓடிய வேகத்தைப் பார்த்து முகாமை மார்ச் மாதத்துக்கும் நீட்டித்தார்கள். நீட்டித்த நாட்களில் எங்கள் வகுப்பில் 'காய்ச்சல்' வந்தவர்களில் பாதிப் பேர் சத்தமில்லாமல் போட்டுக்கொண்டார்கள். அவர்களிடம் யாரும் அபராதம் கேட்கவில்லை, பெயரைப் பலகையில் எழுதவில்லை. மனசு மாறியதற்கு விளக்கம் சொல்ல வேண்டிய நிலையும் வரவில்லை.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. தடுப்பூசி போடாத குழந்தைகள் எல்லா ஊரிலும் இரண்டு வகை வீடுகளில் இருக்கிறார்கள். ஒன்று, கொள்கையாக மறுக்கும் வீடு. இன்னொன்று, வேலைக்கு லீவு கிடைக்காத, அட்டையைத் தொலைத்த, போன தடவை ஊசி போட்டபின் மூன்று நாள் காய்ச்சல் அடித்ததால் தள்ளிப்போட்ட வீடு. எண்ணிக்கையில் பெரும்பாலும் இரண்டாவதுதான் அதிகம். சத்தத்தில் முதலாவது அதிகம். ஒரு மாநிலத்தின் சுகாதாரச் செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்து 'எப்படிக் கட்டாயப்படுத்துவது, அல்லது கட்டாயமே வேண்டாமா' என்று முடிவெடுப்பவர், ஒவ்வொரு வழியும் இந்த இரண்டு வீட்டையும் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டும். சட்டத்தின் கடுமை அப்புறம்.

முதலில் அபராதம். உலகத்துக்கே பாடம் சொல்லும் கதை இங்கிலாந்தில் இருக்கிறது. பெரியம்மைக்குக் கட்டாயத் தடுப்பூசிச் சட்டம் அங்கே 1853 இல் வந்தது. குழந்தை பிறந்து மூன்று மாதத்துக்குள் அம்மை குத்தியாக வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பவுண்டு வரை அபராதம். 1867 இல் அதை இறுக்கினார்கள். ஒரு தடவை அபராதம் கட்டினாலும் தப்பிக்க முடியாது. குழந்தைக்குப் பதினாலு வயது ஆகும்வரை திரும்பத் திரும்ப வழக்குப் போடலாம். 1871 இல் இதைக் கவனிக்கவென்றே அதிகாரிகளை நியமிப்பது கட்டாயமானது.

செருப்புத் தொழிலும் பின்னலாடையும் பிழைப்பாக இருந்த லெஸ்டர் நகரம்தான் முரண்டு பிடித்தது. அங்கே 1869 இல் இரண்டே இரண்டு வழக்குகள். 1881 இல் 1,154. அபராதம் கட்ட முடியாதவர் வீட்டுச் சாமான்களைப் பறிமுதல் செய்து ஏலம் விட்டார்கள். அதற்கும் வழியில்லை என்றால் சிறை. வசதியானவருக்கு ஒரு பவுண்டு பெரிய காசில்லை, குடும்ப டாக்டரும் வீட்டுக்கே வருவார். தொழிலாளி குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் எந்த அலுவலகத்தின் ஏற்பாட்டில்? கதியற்றவர்களை ஏழைகள் விடுதியில் அடைத்து வைத்த அதே நிர்வாகத்தின் ஏற்பாட்டில். அந்த வாசலை மிதிப்பதே மானக்கேடு என்று நினைத்த ஜனங்கள் அவர்கள்.

ஊசி போட்ட விதத்தையும் சொல்லிவிட வேண்டும். அப்போது கைக்குக் கை முறை. ஒரு குழந்தையின் கையில் குத்திய இடம் எட்டாம் நாள் கொப்புளமாகி நிற்கும்போது தாய் அதைத் திரும்பக் கூட்டிவர வேண்டும். அந்தக் கொப்புளத்தைக் கீறி எடுக்கும் நீரை அடுத்த குழந்தையின் கையில் குத்துவார்கள். அழும் பிள்ளையின் புண்ணைத் திரும்பக் கீற விடமாட்டேன் என்று சொன்ன தாய்க்கும் சட்டம் அபராதம் வைத்திருந்தது. இந்த முறையில் வேறு நோய் தொற்றிக்கொள்வதும் நடந்தது. மேகநோய் (சிபிலிஸ்) பரவிய சம்பவங்கள் உண்டு. ஆகவே அன்றைய எதிர்ப்பாளர் எல்லாரையும் மூடர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர்கள் சொன்னதில் பாதி பிதற்றல்; பாதி கண்ணால் பார்த்தது.

1885 மார்ச் 23 அன்று லெஸ்டரில் நடந்த ஊர்வலத்துக்கு எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் பேர் வரை வந்ததாகக் கணக்கு. குழந்தைச் சவப்பெட்டி ஒன்றைத் தூக்கி வந்தார்கள். அம்மைத் தடுப்பைக் கண்டுபிடித்த ஜென்னரின் கொடும்பாவியைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். அதோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டு, ஏழைகள் விடுதியை நடத்திய அந்த நிர்வாகக் குழுவின் தேர்தலிலேயே எதிர்ப்பாளர்கள் ஜெயித்து, வழக்குப் போடுவதையே நிறுத்திவிட்டார்கள். அபராதம் ஒரு முணுமுணுப்பை எடுத்துக்கொண்டு போய் ஓட்டாக மாற்றியது. சாமான் ஏலம் போன தெருவில் தடுப்பூசியைப் பற்றி எந்த அபிப்பிராயமும் இல்லாதவன்கூட அண்டை வீட்டுக்காரன் பக்கம்தான் நிற்பான்.

அப்படியானால் லெஸ்டர் பெரியம்மையில் அழிந்திருக்க வேண்டுமே? அழியவில்லை. இந்த இடத்தைத்தான் இன்றைய தடுப்பூசி எதிர்ப்பாளர்கள் பாதி மட்டும் சொல்கிறார்கள். லெஸ்டர் சும்மா இருக்கவில்லை. நோய் கண்டால் உடனே அறிவிக்க வேண்டும். நோயாளியைத் தனி ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டும். அவரோடு இருந்தவர்களையும் தனிமைப்படுத்த வேண்டும். வீட்டையும் துணியையும் கிருமி நீக்க வேண்டும். நோயாளிகளைக் கவனித்த ஊழியர்கள் தடுப்பூசி போட்டவர்கள். க்ளாஸ்டர் நகரத்திலும் தடுப்பூசியை விட்டுவிட்டார்கள், ஆனால் இந்த ஏற்பாடு சரிவர இல்லை. 1895-96 இல் பெரியம்மை புகுந்தது. ஏறத்தாழ 2,000 பேருக்கு நோய், 400க்கும் மேற்பட்ட சாவு. அப்புறம் அதே ஊர் ஜனங்கள் அம்மை குத்திக்கொள்ள வரிசையில் நின்றார்கள். கட்டாயத்தை எடுத்தால் அந்த இடத்தில் ஆளும் காசும் போட்டு வேறொன்றை வைக்க வேண்டும். எடுக்கச் சொல்கிற அரசியல்வாதி இந்தச் செலவைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

1898 இல் பிரிட்டிஷ் அரசு கதவைக் கொஞ்சம் திறந்தது. மனசாட்சிப்படி மறுப்பவர் நீதிபதிகள் முன்னால் போய் அவர்களை நம்பவைத்தால் விலக்குச் சான்று கிடைக்கும். அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்துக்கு மேல் சான்றுகள் கொடுத்தாயிற்று. சில நீதிபதிகள் வந்தவரை ஏளனம் செய்து திருப்பி அனுப்பினார்கள் என்ற புகார் எழவே, 1907 இல் வெறும் உறுதிமொழிப் பத்திரம் போதும் என்று தளர்த்தினார்கள். (முதல் உலகப்போரில் துப்பாக்கி தூக்க மறுத்தவர்களுக்கு வழங்கிய 'மனசாட்சி மறுப்பாளர்' என்ற பெயர் இந்த அம்மை குத்தும் சட்டத்தில் பிறந்ததுதான்.) கடைசியில் 1940களின் பிற்பகுதியில், தேசிய மருத்துவச் சேவை வந்தபோது, கட்டாயமே போய்விட்டது.

அடுத்த வழி பள்ளி வாசல். இதில் அமெரிக்கா கைதேர்ந்தது. அபராதம் கிடையாது, போலீஸ் கிடையாது. ஊசி அட்டை இருந்தால் பள்ளியில் சேரலாம். சண்டை முழுக்க விலக்குக் கதவு எவ்வளவு அகலம் என்பதில்தான். கலிபோர்னியாவில் 2014க்கு முன்பு 'என் நம்பிக்கைக்கு விரோதம்' என்று ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் முடிந்தது. நாலைந்து ஊசிக்கு நாலைந்து தடவை குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவதைவிட ஒரு கையெழுத்து சுலபம். இரண்டாம் வகை வீடுகள் பல அந்தச் சுலபத்துக்காகவே விலக்கு வாங்கின. பிறகு, ஒரு மருத்துவப் பணியாளரிடம் பேசி அவர் கையெழுத்தையும் வாங்கி வர வேண்டும் என்றார்கள். மழலையர் வகுப்பில் எல்லா ஊசியும் போட்டவர் விகிதம் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 90 சதவீதத்திலிருந்து 93க்கு ஏறியது. நடுவில் 2014 டிசம்பரில் டிஸ்னிலேண்டில் தொடங்கிய தட்டம்மைப் பரவலும் பெற்றோரைப் பயமுறுத்தியிருக்கும். எல்லாப் புண்ணியமும் படிவத்துக்கே என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பரவலுக்குப் பிறகு கலிபோர்னியா கதவை மூடியே விட்டது. 2015 இல் வந்த சட்டப்படி மருத்துவக் காரணம் தவிர வேறு விலக்கு இல்லை. விகிதம் 95க்கு மேல் போனது. தட்டம்மை பரவாமல் நிற்க 95 வேண்டும் என்பதால் அந்த இரண்டு மூன்று புள்ளி சின்ன விஷயம் இல்லை. ஆனால் விலை வேறு இடத்தில் வந்தது. காசு வாங்கிக்கொண்டு மருத்துவ விலக்கு எழுதும் டாக்டர்கள் முளைத்தார்கள். அந்த விலக்குகள் 0.2 சதவீதத்திலிருந்து நாலு ஆண்டில் 0.9 ஆயின. அதை அடைக்க 2019 இல் இன்னொரு சட்டம். அந்தச் சட்டத்துக்கு எதிராக ஒருவர் சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து உறுப்பினர்கள் மேல் ரத்தத்தைக் கொட்டினார். இரண்டு சட்டத்தையும் கொண்டுவந்த ரிச்சர்ட் பான், குழந்தை மருத்துவர், அதே ஆண்டு தெருவில் முதுகில் தள்ளப்பட்டார்.

இந்த ஆண்டுகளில்தான் எதிர்ப்பின் பேச்சு மாறியது. முன்பு 'ஊசியில் ரசாயனம், பிள்ளைக்கு ஆட்டிசம்' என்றவர்கள் 'என் பிள்ளை, என் உரிமை' என்று பேசத் தொடங்கினார்கள். ரசாயனப் பேச்சை ஆராய்ச்சியால் மறுக்கலாம். உரிமைப் பேச்சை எந்தச் சோதனைக்கூடமும் மறுக்க முடியாது. கலிபோர்னியாவில் முதலில் மறுத்தவர்களில் இயற்கை உணவு சாப்பிடும் இடதுசாரி நடுத்தர வர்க்கம் நிறையவே உண்டு. உரிமைப் பேச்சு வந்ததும் வலதுசாரிகளுக்கும் அதில் இடம் கிடைத்தது.

மிச்சிகன் எடுத்த வழி எனக்குப் பிடித்த வழி. 2015 முதல் அங்கே விலக்கு வேண்டுமென்றால் பெற்றோர் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு நேரில் போய், ஊழியர் சொல்வதை உட்கார்ந்து கேட்டு, அதன் பிறகு விலக்கு வாங்கிக்கொள்ளலாம். தடையே கிடையாது, கேட்டால் கொடுத்துவிடுவார்கள். முதல் ஆண்டிலேயே விலக்குகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன. மனம் மாறியதால் என்று யாரும் ஏமாற வேண்டாம். ஒரு அரை நாள் விரயமாகும் என்பதால்தான். கொள்கைக்காரர் போய் வாங்கிக்கொண்டார், அவருக்குத் தியாகி ஆகும் வாய்ப்பு கிடைக்கவில்லை. குறை என்னவென்றால், பின்னாளில் அங்கே விலக்குகள் மறுபடி மெல்ல ஏறின. அலைச்சலுக்கும் ஜனங்கள் பழகிவிடுகிறார்கள்.

மூன்றாவது, காசு. ஆஸ்திரேலியா 2016 முதல் 'ஊசி இல்லையேல் பணம் இல்லை' என்று குடும்ப உதவித்தொகையை நிறுத்தும் சட்டம் கொண்டுவந்தது. அதுவரை இருந்த மனசாட்சி விலக்கையும் எடுத்தது. ஐந்து வயதுக் குழந்தைகளில் விகிதம் 2020 இல் 95ஐத் தொட்டது, பிறகு சரிந்தது. அபராதத்தில் உள்ள அதே ஓட்டை இதிலும் உண்டு: உதவித்தொகை தேவைப்படாத பணக்காரரை இது தொடவே தொடாது. தமிழ்நாட்டிலும் இதே கயிறு இருக்கிறது, ஆனால் மறுமுனையில் பிடித்திருக்கிறோம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் ஒரு பங்கு பணம், குழந்தைக்குரிய ஊசிகளைப் போட்ட பிறகே வரும். இதைக் கட்டாயம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 'மூணாவது ஊசி போட்டாச்சா, தவணை ஏறிடுச்சா' என்றுதான் ஆரம்ப சுகாதார நிலைய வாசலில் பேசிக்கொள்வார்கள். இருப்பதைப் பிடுங்குவதற்கும் வரப்போவதைத் தள்ளி வைப்பதற்கும் கணக்கில் வித்தியாசம் இல்லை, மனசில் நிறைய.

பெரியவர்களுக்கான கட்டாயம் தனிக் கதை. இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் தோல்வி அவ்வளவு தெளிவாக இருக்கிறது. ஆஸ்திரியா 2022 பிப்ரவரியில் பதினெட்டு வயது தாண்டிய எல்லாருக்கும் கோவிட் ஊசியைச் சட்டமாக்கியது. அபராதம் 3,600 யூரோ வரை. மார்ச்சில் நிறுத்தி வைத்தது, ஜூனில் கைகழுவியது. ஒருவரிடமும் அபராதம் வசூலிக்கவில்லை, ஆனால் அரசியல் விலையை முழுசாகக் கட்டியது. சட்டம் வருமுன்னரே, 2021 செப்டம்பரில், கொரோனாக் கட்டுப்பாடுகளையும் ஊசியையும் எதிர்க்கவென்றே பிறந்த ஒரு கட்சி மேல் ஆஸ்திரியா மாகாணத் தேர்தலில் ஆறு சதவீதம் ஓட்டும் மூன்று இடமும் பிடித்திருந்தது. அமெரிக்காவில் பெரிய நிறுவனங்களின் ஊழியர்களுக்குப் பைடன் அரசு வைத்த 'ஊசி அல்லது பரிசோதனை' விதியை 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான விதியை அதே நாளில் விட்டுவைத்தது. அந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகவே படுகிறது.

நம் பக்கம் 2021 டிசம்பரில் புதுச்சேரி கோவிட் ஊசியைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. 2022 மே 2 அன்று நம் உச்ச நீதிமன்றம், ஜேக்கப் புலியல் வழக்கில், யாரையும் ஊசி போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது, அது உடல் மீதான உரிமை என்றது. பொதுநலனுக்காக அரசு கட்டுப்பாடு வைக்கலாம், ஆனால் அது அளவோடு இருக்க வேண்டும். ஊசி போடாதவர்தான் அதிகம் பரப்புகிறார் என்று காட்டும் தகவல் முன்வைக்கப்படவில்லை, ஆகவே அப்போதைய தடைகள் அளவு மீறியவை என்றது. தமிழ்நாடு அரசு அந்த வழக்கில் கட்டாயத்தை ஆதரித்து வாதாடியது. குழந்தைகளுக்கான வழக்கமான ஊசித் திட்டத்தை அந்தத் தீர்ப்பு தொடவில்லை.

பெரியவர்களின் கோபம் பெரியவர்களோடு நிற்கவில்லை என்பதுதான் வருத்தம். அமெரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊசி போடுவதா என்பதைப் பெற்றோரே முடிவு செய்யட்டும் என்று சொன்ன குடியரசுக் கட்சியினர் 2019 இல் ஐந்தில் ஒருவர். 2022 முடிவில் 44 சதவீதம். மழலையர் வகுப்பில் தட்டம்மை ஊசி 2019-20 இல் 95.2 சதவீதமாக இருந்தது, 2024-25 இல் 92.5. மதக் காரண விலக்கே தராமல் பல பத்தாண்டுகள் இருந்த மிசிசிப்பியை 2023 இல் நீதிமன்றம் விலக்குத் தர வைத்தது. 2025 இல் மேற்கு டெக்சாஸில் 762 பேருக்குத் தட்டம்மை, இரண்டு குழந்தைகள் சாவு. அதே ஆண்டு செப்டம்பரில் புளோரிடாவின் சுகாதாரத் தலைவர், மாநிலத்தில் எல்லாக் கட்டாய ஊசியையும் எடுக்கப் போகிறோம் என்று அறிவித்தார். பல்லாண்டுகளாகச் சத்தமில்லாமல் ஓடிய பள்ளி வாசல் முறையை, இரண்டு ஆண்டுகள் நடந்த பெரியவர் கட்டாயம் இழுத்துக்கொண்டு போய்த் தேர்தல் மேடையில் நிறுத்திவிட்டது.

கடைசி வழி, கட்டாயமே இல்லாமல் வீட்டு வாசலுக்குப் போவது. உத்தரப் பிரதேசத்தின் மேற்குப் பகுதியில் போலியோ சொட்டு மருந்து கருத்தடை மருந்து என்று பேச்சு. அவசரநிலைக் காலக் கட்டாயக் கருத்தடையைப் பார்த்த ஊர்களில் அந்தப் பேச்சுக்கு வேர் இருந்தது. அபராதம் போட்டிருந்தால் லெஸ்டர்தான். போடவில்லை. ஊழியர்கள் வீடு வீடாகப் போய், சொட்டு போட்ட குழந்தையின் சுண்டு விரலில் மை வைத்து, வீட்டுச் சுவரில் சாக்பீஸால் குறித்தார்கள்: எல்லாரும் போட்டாயிற்று என்றால் 'பி', ஆள் இல்லை அல்லது மறுப்பு என்றால் 'எக்ஸ்'. 'எக்ஸ்' வீட்டுக்குத் திரும்பப் போனார்கள், இமாமோடு, ஊர் டாக்டரோடு, பக்கத்துத் தெருப் பெண்ணோடு. நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தின் ஹவுராவில். ஆனால் ஒரு தேசியச் சுற்றுக்கு 17 கோடி குழந்தைகள், பல லட்சம் ஊழியர்கள், ஆண்டுக்குப் பல சுற்று. எல்லா ஊசிக்கும் இந்தப் படையை நிரந்தரமாக நிறுத்த எந்த அரசாலும் முடியாது.

சரி, நாற்காலியில் நானே உட்கார்ந்தால்? அபராதத்தைத் தொட மாட்டேன். புது நோய்க்குப் புது ஊசி என்றால் பெரியவர்களுக்குக் கட்டாயம் கிடையாது, ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொடுகிறவர் தவிர. குழந்தைகளுக்கு நம் ஊரில் இப்போதிருக்கும் நர்ஸம்மாவும் தவணைப் பணமும் போதும். அவை தளர்ந்தால் பள்ளி வாசல். பள்ளி வாசல் வைத்தால் மிச்சிகன் மாதிரி ஒரு கதவும் வைப்பேன், மூடவே மாட்டேன். விலக்கு வாங்கும் அந்த ஜன்னல் மாவட்டத் தலைநகரில் ஒன்றே ஒன்று இருக்கும். திங்கள் முதல் வெள்ளி வரை, பத்திலிருந்து ஐந்து, மதியச் சாப்பாட்டு இடைவேளை உண்டு. விலக்கு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஊசி முகாம் மட்டும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பஸ் ஸ்டாண்டில் தொடங்கிவிடும். 2021 செப்டம்பர் 12, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தமிழ்நாடு அப்படித்தான் ஒரே நாளில் 28 லட்சத்துக்கு மேல் ஊசி போட்டது.